தாலாட்டுச் சொட்டு

காஸ்பாரை அடித்துக் கொன்றபோது உச்சிவெயில். சங்குமேட்டின் தெருமுனையில், மாதா சிலை இருக்கிற கெபிக்கு எதிரே, ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. சூடு பார்க்கிற துப்பாக்கியை அவன் நெற்றிக்கு நேரே நீட்டினார்கள். நூற்றிரண்டு என்று காட்டியது. அவ்வளவுதான் விசாரணை. ராயப்பன் கையிலிருந்த துடுப்பு முதலில் அவன் முழங்காலில் இறங்கியது, அப்புறம் தலையில். மண்டை உடைந்தால் தேங்காய் உடைகிற சத்தம் கேட்கும் என்பார்கள். அப்படியெல்லாம் இல்லை. ஈரத்துணியைக் கல்லில் அறைந்ததுபோல்தான் கேட்டது. அவன் மனைவி எமல்டா தெருவுக்குள்ளிருந்து ஓடி வந்துகொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்தது அந்தச் சத்தம்தான்.

அவளுடைய தம்பி சவேரியன் குறுக்கே பாய்ந்தான். இன்னாசி என்கிறவன், ராயப்பனின் படகில் சுக்கான் பிடிக்கிறவன், ஐஸ்கட்டி இழுக்கும் கொக்கியால் அவன் தோளில் ஒரு கொத்துக் கொத்தினான். சதையோடு சட்டையும் கிழிந்து வந்தது. "அவனுக்குக் காய்ச்ச இல்லல, விடு" என்று யாரோ சொன்னதால் அன்றைக்கு அவன் உயிர் மிஞ்சியது.

ராயப்பன் வேற்றாள் இல்லை. எமல்டாவின் சொந்தத் தாய்மாமன். இதே காஸ்பாருக்கு மாலை போட்டு, மோதிரம் போட்டு, கோயில் வாசலிலிருந்து கையைப் பிடித்துக் கூட்டி வந்தவர். விசைப்படகுகளுக்குச் சொந்தக்காரர், தெருக்காவல் கமிட்டிக்குத் தலைவர். அடித்து முடித்ததும் துடுப்பை ஊன்றிக்கொண்டு, மூச்சு வாங்க, "தெருவக் காப்பாத்த வேற வழியில்லட்டி" என்றார். அதை அவர் நம்பினார். நம்பிக்கொண்டே கொல்கிறவனிடம் என்ன பேச முடியும்?

இத்தனைக்கும் காரணம் நீலம். கடற்கரை முழுக்க நகமும் உதடும் நீலம் பாரித்து, வாயில் ரத்தம் கட்டி, சில நிமிடத்துக்குள் ஆளை முடிக்கிற கிருமி. எந்த மருந்தும் அதைக் கேட்கவில்லை. கடைசியில் ஒரு சொட்டு வந்தது. நாக்கில் விடுகிற சொட்டு. அதைச் செய்த ஆய்வுக்கூடத்தில் எமல்டாவும் ஒருத்தி. ஊருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும் என்று கோயில் மண்டபத்தில் ஒலிபெருக்கியைப் பிடித்ததும் அவள்தான்.

"கிருமியக் கொன்னா, மிஞ்சினது பாடம் படிச்சிட்டு வரும். அதனால கொல்லாம தூங்க வைக்கோம்" என்று அன்றைக்குச் சொன்னாள். "கிருமிக்குள்ள ஒரு சமையக்கட்டு இருக்குன்னு வைங்க. நஞ்சு செய்யுற பக்குவத்த ஒரு சீட்டுல எழுதி அங்க அனுப்பும். எங்க சொட்டுல இருக்கது சின்ன ஆர்.என்.ஏ. துண்டு. அது போயி அந்தச் சீட்டு மேல ஒட்டிக்கிடும். சமையக்காரன் கண்ணுக்கு எழுத்துத் தெரியாது. நஞ்சு வேகாது. கிருமி பாட்டுக்கு உள்ள தூங்கும்."

தூங்க வைப்பதால் ஊர் அதற்குத் தாலாட்டுச் சொட்டு என்று பேர் வைத்தது. கிருமி தொற்றாத ஆள் இல்லாததால் எல்லோரும் போட்டுக்கொண்டார்கள்.

"முழிச்சிக்கிட்டா?" என்று முன்வரிசையிலிருந்து கேட்டவர் ராயப்பன்தான்.

மேலிடத்தில் சொல்லிக்கொடுத்ததை எமல்டா ஒப்பித்தாள். "காய்ச்ச ஏறுனா அந்த ஒட்டு இளகும்னு நெனைக்கோம் மாமா. செத்தவியளுக்கெல்லாம் காய்ச்ச இருந்துச்சு. உடம்பக் குளுந்தாப்ல வச்சுக்கணும்."

அந்த 'நெனைக்கோ'மை மண்டபத்திலேயே விட்டுவிட்டு, மிச்சத்தை மட்டும் ஊர் வீட்டுக்குக் கொண்டுபோனது. மீன்பிடிக்கிற ஊர். கெடக்கூடிய எதையும் ஐஸில் போட்டுப் பழகிய கை. காய்ச்சல்காரனைத் தூக்கி ஐஸ் கம்பெனியில் போட்டார்கள். வர மறுத்தவனை அடித்தார்கள். அடித்ததில் சிலர் செத்தார்கள். அடுத்தடுத்து நீலத்திலும் ஆட்கள் விழவிழ, அடி பலத்தது.

காஸ்பாரைக் குளிப்பாட்டும்போது எமல்டா அவன் விரல்களைத்தான் முதலில் பார்த்தாள். நகம் ஒவ்வொன்றும் இளஞ்சிவப்பாக, சுத்தமாக இருந்தது. உதட்டைப் புரட்டிப் பார்த்தாள். நீலத்தின் சாயல்கூட இல்லை. அவ்வளவு காய்ச்சல், அவ்வளவு அடி, இருந்தும் கிருமி அவனுக்குள் கண்ணே திறக்கவில்லை. அவனைக் கொன்றது துடுப்பு, துடுப்பு மட்டுமே. சட்டைப்பையில் அவனுடைய ரத்தக்கொதிப்பு மாத்திரை அட்டை இருந்தது. அதில் மூன்று மிச்சம். காலையில் கஞ்சி குடித்த கையோடு ஒன்று போடுவான். அதைத் தூக்கி எறிய மனம் வராமல் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை அவனைப் புதைத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது கதவு பெயர்ந்து கிடந்தது. தோள்காயம் பழுத்துச் சவேரியனுக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது. புருசனைப் புதைக்க அவள் போன நேரம் பார்த்துத் தம்பியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஐஸ் கம்பெனிக்குள் மூச்சு விட்டால் புகை. மீன் வைக்கிற பெரிய தொட்டிகளை வரிசையாகப் போட்டு, நொறுக்கிய ஐஸுக்குள் மனிதர்களைக் கழுத்துவரை புதைத்து, நைலான் கயிற்றால் வரிந்து கட்டியிருந்தார்கள். முதல் தொட்டியில் கிடந்தவன் செத்துப்போயிருந்தான். உதடு நாவல்பழ நிறம். அடுத்ததில் கிடந்தவளும் அப்படியே. எமல்டா அவள் அக்குளுக்குள் கையை விட்டுப் பார்த்தாள். ஐஸுக்கும் உடம்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கண்கள் மட்டும் பிதுங்கி விரிந்திருந்தன. இவ்வளவு குளிர்ந்த உடம்பில் எந்தச் சூடு போய் அந்தச் சீட்டின் ஒட்டை இளக்கியது?

கடைசித் தொட்டியிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. தொம்மை. முழுநேரக் குடிகாரன். யாரோ இரக்கப்பட்டு ஒரு குப்பியை அவன் வாயில் கவிழ்த்துவிட்டிருக்கிறார்கள். "ஏ எமல்டா! எம்புட்டுக் குளுகுளுன்னு இருக்கு பாத்தியா!" என்று இளித்தான். தொட்டியில் ஒட்டியிருந்த தாளில் நூற்றிமூன்று என்று எழுதியிருந்தது. மற்ற எல்லோரையும்விட அவனுக்குத்தான் காய்ச்சல் அதிகம். நகமோ குழந்தையின் நகம் போல் சிவப்பு.

சவேரியனை இன்னும் தொட்டிக்குள் இறக்கவில்லை. இன்னாசி அவனைச் சுவரோடு சேர்த்து நிறுத்தி, வெறி பிடித்தாற்போல் உதைத்துக்கொண்டிருந்தான். "உள்ள எறங்குல, நாய! எறங்குல!" கொக்கியை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது. வாயிலிருந்து கருஞ்சிவப்பாக ஏதோ வழிந்தது. அடி வாங்கியவன் நிற்க, அடித்தவன் விழுந்தான். காவலுக்கு நின்றவன் சூடு பார்க்கிற துப்பாக்கியை இன்னாசியின் நெற்றியில் வைத்தான். தொண்ணூற்றெட்டு. காய்ச்சல் துளியும் இல்லை. நகம் நீலமாக இருந்தது.

"காய்ச்ச இல்லாமலே போயிட்டான்!" என்று அலறியபடி காவல்காரன் வெளியே ஓடினான்.

எமல்டா தம்பியைத் தாங்கி, காலியான ஒரு தொட்டியில் சாய்த்துவிட்டு, மதுரை ஆய்வுக்கூடத்தில், தன்னைப்போலவே கிருமியை உள்ளே தூங்க வைத்துக்கொண்டு வேலை பார்த்த தோழி நாச்சியாருக்குப் போன் போட்டாள்.

"நாச்சியா, ஐஸ்ல கெடக்கவ நீலமாயிட்டா. அடிச்சவன் காய்ச்சலே இல்லாம நீலமாயிட்டான். நூத்திமூணுல குடிச்சிட்டுக் கெடக்கவன் பாட்டுப் பாடுதான்."

மறுபக்கம் தாள்களைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. "இருடி. நேத்து ஒண்ணு பாத்தோம், புரியாம வச்சிருந்தோம். கிருமி தானா ஒரு சின்னத் துண்டு செய்யுது. அது நம்ம துண்டக் கட்டிப்புடிச்சு இழுத்துட்டுப் போயிருது. சீட்டு மறுபடியும் பளிச்சுனு தெரியுது, நஞ்சு வேகுது. ஆனா கிருமி வளத்த எல்லாத் தட்டுலயும் செய்யல. அட்ரினலின் ஊத்தின தட்டுல மட்டுந்தான் செஞ்சுச்சு."

அட்ரினலின். பயந்தால் ரத்தத்தில் ஊறுவது. ஆத்திரப்பட்டாலும் ஊறுவது. தொட்டியில் விரிந்து கிடந்த கண்களையும், ஓங்கிய கையோடு நின்ற இன்னாசியையும் எமல்டா நினைத்துப் பார்த்தாள். தெருமுனையில் துடுப்போடு நின்றவர்கள்தான் இத்தனை நாளும் கிருமியை எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள், மற்றவர்களுக்குள்ளும் தங்களுக்குள்ளும்.

"காஸ்பார் நகம் சுத்தமா இருந்துச்சு" என்றாள். "ரத்தக்கொதிப்பு மாத்திர போடுவாவ."

"அப்ப அவருக்கு முழிச்சிருக்காதுடி. அட்ரினலின் போயி உக்கார்ற எடத்துல அந்த மாத்திரை உக்காந்துக்கிரும். கிருமிக்கும் அதே பூட்டுதான் போல." தட்டச்சுச் சத்தம் படபடவென்று கேட்டது. "சொட்டுலயே அதக் கலந்துட்டாப் போதும். ஒரு வாரத்துல அனுப்பிரலாம். எல்லாருக்கும் எழுதுறேன். இந்தா, அனுப்பிட்டேன்." பிறகு குரல் மாறியது. "எமல்டா, ஒரு தடவ பயந்தாலே போதுமா?"

"திடுக்குன்னு வந்து போற பயம் பத்தாதுன்னு நெனைக்கேன். விடாம இருக்கணும்."

"பயந்தா செத்துருவோம்னு தெரிஞ்சதுக்கப்புறம் ஒருத்தி எப்படிடி பயப்படாம இருப்பா?" நாச்சியார் சிரித்தாள். சிரிப்பு பாதியில் மூச்சிரைப்பாகியது. "இங்க ஒரு மாத்திரகூட இல்லயே. நெஞ்சு அடிக்கறது எனக்கே கேக்குது. எமல்டா... நகம்... என் நகம் நீலமாகுது..." போன் எதன்மேலோ விழுந்தது. அதற்குப்பின் வந்த சத்தங்களை எமல்டா கடைசிவரை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளும் மிஞ்சியிருக்க மாட்டாள்.

கைப்பையிலிருந்த காஸ்பாரின் அட்டையைப் பிரித்து ஒரு மாத்திரையை விழுங்கினாள். இன்னொன்றைத் தம்பியின் வாயில் திணித்தாள்.

வெளியே கூட்டம் திரண்டிருந்தது. இன்னாசி காய்ச்சலில்லாமல் செத்த செய்தி தீயாய்ப் பரவியிருந்தது. "உள்ள இருக்கது காத்துல பரவுதுல! எல்லாத்தயும் கொளுத்துங்க!" டீசல் கேன்கள் வந்துவிட்டன. கதவிடுக்கில் டீசல் ஓடிவந்து ஐஸ்தண்ணீரோடு கலந்தது. தடுக்கப்போன ஒருவனை வெட்டி வாசலிலேயே போட்டிருந்தார்கள். கூட்டத்துக்குள் ஒருவன் வாயில் ரத்தத்தோடு சரிய, பக்கத்திலிருந்தவர்கள் அவனை மிதித்தார்கள். அதைப் பார்த்து இன்னொருவன் சரிந்தான்.

"சவேரி, நீ செத்துட்ட. கண்ண மூடு" என்றாள் எமல்டா.

"என்னக்கா சொல்லுத?"

"கேள்வி கேக்காத. மூச்ச மெதுவா விடு. நான் என்ன கத்துனாலும் அசையாத."

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். ராயப்பன் முன்னால் நின்றார். கையில் அதே துடுப்பு. அதன் நுனியில் காஸ்பாரின் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"நில்லுங்க! காய்ச்சலால இல்ல..." என்று தொடங்கினாள். அத்தனை முகங்களும் அவள் பக்கம் திரும்பின. அடுத்த வாக்கியம் நாக்கின் நுனியில் இருந்தது. பயந்தால் சாவீர்கள். இந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு இவர்களில் எத்தனை பேர் வீடு போய்ச் சேருவார்கள்? எல்லாம் படித்த நாச்சியாரே தாங்கவில்லை. ஊரைக் காப்பாற்றக்கூடிய ஒரே உண்மை, சொன்ன மாத்திரத்தில் ஊரைக் கொன்றுவிடும். படிப்பின் லட்சணம் இப்படி வந்து முடிந்தது.

அவள் வாசல் மண்ணில் டீசல் ஈரத்திலேயே உட்கார்ந்தாள். தலைமுடியை அவிழ்த்துவிட்டாள்.

"கரையேறி வந்த படகு கட்டிக் கெடக்குதே
என் கூடப்பொறந்த படகு மட்டும் எட்டிப் போகுதே..."

சங்குமேட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒப்பாரி எழும்பினால், கையில் வலையோ கத்தியோ சாராயக் குப்பியோ எது இருந்தாலும் ஆண்கள் கீழே வைத்துவிட்டு உட்கார வேண்டும். பாடுகிறவள் முடிக்கும்வரை நிற்கக் கூடாது. நிற்கிறவன் வீட்டில் அடுத்த சாவு விழும் என்பது நம்பிக்கை. கொலை செய்யத் துணிந்த கை அந்த நம்பிக்கைக்கு அஞ்சியது. டீசல் கேன் கீழே இறங்கியது. ஒருவன் குத்தவைத்து உட்கார்ந்தான். அவனைப் பார்த்து அடுத்தவன். அரிவாள்கள் மண்ணில் விழுந்தன.

எமல்டா பாட்டை இழுத்தாள். ஒவ்வொரு அடியையும் முந்தையதைவிட மெதுவாக இழுத்தாள். பாடிக்கொண்டே அவர்களின் நெஞ்சுகளைப் பார்த்தாள். ஏறி இறங்கிய வேகம் குறைந்துகொண்டே வந்தது. தம்பி பேரைச் சொல்லித்தான் பாடினாள். ஆனால் காலையில் ஒப்பாரிகூட வைக்காமல் அவசரமாக மண்ணள்ளிப் போட்டுவிட்டு வந்த புருசனுக்குத்தான் அழுதாள். அந்த அழுகையில் பொய் இல்லாததால்தான் ஊர் உட்கார்ந்தது.

கடைசியாக உட்கார்ந்தவர் ராயப்பன். துடுப்பைக் கீழே வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினார். "ரெண்டு பேரயும் வாரிக் குடுத்துட்டாளே எம் மருமக..."

சவேரியனைத் தொட்டியோடு தூக்கி அவள் வீட்டில் கொண்டுவந்து இறக்கினார்கள். தொற்றுக்குப் பயந்து யாரும் முகத்தைத் திறந்து பார்க்கவில்லை. பின்கட்டில் குழி தோண்டிக்கொள்கிறேன் என்றாள், சரி என்று விட்டுவிட்டார்கள். ஒப்பாரி எழும்பிய தெருவில் துக்கம் கழியும்வரை கை ஓங்கக்கூடாது என்பது இன்னொரு வழக்கம். தெருமுனையில் துப்பாக்கி இல்லை, துடுப்பு இல்லை. ஆறு நாளாக நீலத்தில் ஒருவரும் விழவில்லை. மாதா இரங்கிவிட்டாள் என்று ஊர் பேசிக்கொண்டது. எமல்டா ஆமாம் என்றாள். பின்னறையில் ஒளிந்திருந்த தம்பியிடமும் காரணத்தைச் சொல்லவில்லை. புதுச் சொட்டு நாளைக் காலை வந்துவிடும் என்று மதுரையிலிருந்து சேதி வந்திருந்தது. நாச்சியார் சாகுமுன் அனுப்பிய வரிகள் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தன.

அன்றைக்கு மதியம் ராயப்பன் வந்தார். தாலியறுத்தவளுக்குக் கொடுக்கிற முதல் பங்கு மீன், ஒரு கூடை சீலா. வாசலில் வைத்துவிட்டு, கூப்பிடாமலே உள்ளே வந்து உட்கார்ந்தார். கண்ணைச் சுற்றிக் கருவளையம். இளைத்திருந்தார்.

"தூக்கம் வரலட்டி" என்றார். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீ படிச்சவ. காஸ்பார அன்னைக்கு விட்டிருந்தா தெருவே போயிருக்கும். அப்படித்தான? இன்னாசி காய்ச்ச இல்லாம போனதுல இருந்து மனசு கெடந்து அடிக்கி. நான் செஞ்சது சரின்னு ஒரு வார்த்த சொல்லு."

எமல்டா அவரைப் பார்த்தாள். அவள் கழுத்தில் தாலி கட்டியபோது பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்ட மாமன். மதியவெயிலில் துடுப்பை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கிய மாமன். சரி என்று ஒரு சொல் சொன்னால் அவர் இன்றிரவு தூங்குவார். நாளை சொட்டு வந்த பிறகு உள்ளதைச் சொன்னால், அழுவார், நெஞ்சில் அடித்துக்கொள்வார், பிழைத்துக் கிடப்பார்.

"நாளைக்குச் சொல்லுதேன் மாமா. நாளைக்கு வாங்க."

இதைச் சொல்லும்போது அவள் உண்மையிலேயே அவரை அனுப்பிவிடத்தான் நினைத்தாள்.

"நாளைக்கு என்னத்துக்கு? ஆம்பள கேக்கேன், சொல்லு" என்றார் ராயப்பன். பழைய அதட்டல் குரலில் வந்துவிட்டது. "அந்தப் பயலுக்காகவா இப்பிடி மூஞ்சியத் தூக்கிவச்சிருக்க? நோய்க்காரப் பய. இன்னைக்கில்லாட்டி நாளைக்குச் செத்திருப்பான்."

எமல்டா எழுந்தாள். அடுக்களைக்குப் போய் ஒரு செம்பில் தண்ணீர் மொண்டாள். கைப்பையிலிருந்து அட்டையை எடுத்தாள். அதில் ஒரே ஒரு மாத்திரை மிச்சம் இருந்தது. பின்னறைக் கதவை எட்டிப் பார்த்தாள். சவேரியன் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். கதவை இழுத்துச் சாத்தி, குரல் உள்ளே போகாதபடி தாழ் போட்டாள்.

மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, மாமாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு தன் நாக்கில் வைத்து, அவருக்கென்று மொண்ட தண்ணீரிலேயே ஒரு மடக்குக் குடித்து விழுங்கினாள். மிச்சத் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நல்லாச் சாஞ்சு உக்காருங்க மாமா" என்றாள். "மொதல்ல இருந்து சொல்லுதேன். அன்னைக்குக் காஸ்பார் நகத்த நீங்க பாத்தியளா?"